கிணற்றுத் தோமா கேட்ட சொற்பொழிவு

ரோசிலி தன் வாழ்நாளில் முழுதாகக் கேட்ட முதல் சொற்பொழிவு தேனீக்களைப் பற்றியது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தேழு. கையில் பாதி ஆய்ந்த மத்தி. கைப்பேசித் திரையில், கண்ணூரில் யாரோ ஒரு மனிதர் தன் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, பூ எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் தேனீ நடனமாடியே மற்றத் தேனீக்களுக்குச் சொல்லிவிடும் என்றார். ரோசிலி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்து, "அடப் பாவி, நெசமாவா?" என்று கேட்டாள். அதற்குள் பூனை மத்தியோடு போய்விட்டது. அன்று குழம்பில் மாங்காய்த் துண்டுகள் மட்டும் தனியாக நீந்தின.

"மீன் எங்கடி?" என்றார் கணவர் வறீது.

"டான்ஸ் ஆடப் போயிருக்கு" என்றாள் ரோசிலி.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வறீது மேற்கொண்டு கேட்கிற ஆள் இல்லை. இந்தக் கதை நடந்ததற்கே அதுதான் காரணம்.

கூரை ஓட்டுக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று இருந்தது: ஊர் வாசகசாலையின் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. கருவன்னூர்ப் புழை என்னும் ஆற்றோரத்தில் எங்கள் ஊர்களுக்கு மாதாகோயில் பெருநாளை விட்டால் அடுத்த கொண்டாட்டம் சொற்பொழிவுதான். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் இரிஞ்ஞாலக்குடையில் பஸ் இறங்கி நேராக வறீது வீட்டுக்குத்தான் வருவார். முகம் கழுவி, சாயாவும் வட்டயப்பமும் பழம்பொரியும் முடித்த பிறகுதான் மேடை. கூட்டம் முடிந்து திரும்பி வந்தால் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். ஆக, ஊரில் சொற்பொழிவாளர்களை ரோசிலி அளவுக்கு அறிந்தவர் கிடையாது. சரித்திரம் பேசுகிறவருக்குச் சர்க்கரை போடக்கூடாது. நட்சத்திரம் பேசுகிறவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது வட்டயப்பத்தை எடுப்பார். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர்கள் பேசினது மட்டும் தெரியாது. அந்த நேரத்தில் அவள் கோப்பைகளைக் கழுவிவிட்டுக் கப்பையை வேக வைத்துக்கொண்டிருப்பாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஒலிபெருக்கியிலிருந்து "நன்றி, வணக்கம்" மட்டும் வந்து சேரும்.

வறீதுக்கும் தெரியாது. அது வேறு கதை. மேடையின் நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கண்ணைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே தூங்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. பார்க்கிறவர்கள் ஆழ்ந்த சிந்தனை என்று நினைப்பார்கள். பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தால் யாரோ தொட்டு எழுப்பியதுபோல விழித்துக்கொள்வார்.

அவர் தலைவரான புதிதில் ஒருநாள், சதானந்தன் என்று ஒரு தாடிக்காரர் மீன்களைப் பற்றிப் பேச வந்தார். கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். முந்தின வருஷ மழையில், தோடு என்று நாங்கள் சொல்லும் ஓடை பெருகி வயல்வெள்ளம் முற்றத்தில் ஏறியபோது எப்படியோ கிணற்றுக்குள் வந்து விழுந்த விலாங்கு ஒன்று கீழே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"சேச்சி, இவன் எங்க பொறந்தான்னு தெரியுமா?"

"வயல்லதான் பொறந்திருப்பான். வேற எங்க?" என்றாள் துவாலையோடு நின்ற ரோசிலி.

அவர் சிரித்தார். "சொன்னா நம்ப மாட்டீங்க. இவன் பொறந்தது..."

"மாஷே! மைக் காத்துக்கிட்டிருக்கு!" என்று வறீது முன்வாசலிலிருந்து கத்தினார். மாஷ் துவாலையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார். எங்கள் பக்கத்தில் பேசத் தெரிந்தவர்கள் எல்லாருமே மாஷ்தான். கூட்டம் முடிந்ததும் அவருக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், சாப்பிடக்கூட வரவில்லை.

வறீது வந்ததும் வராததுமாக ரோசிலி கேட்டாள். "எங்க பொறந்துச்சாம்?"

"எது?"

"விலாங்கு."

"ஆமா, அதப்பத்தி என்னமோ சொன்னான். நல்ல கைதட்டல்."

"எங்கன்னு சொன்னாரு?"

"அதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டிருந்தா தலைமை தாங்க முடியுமாடி?"

அந்தக் கேள்வி ரோசிலியின் தொண்டையில் மீன்முள்ளாய்த் தங்கிவிட்டது. விலாங்குக்குத் தோமா என்று பெயர் வைத்தாள். சந்தேகத்துக்குப் பேர்போன புனிதரின் பெயர். "தோமாவே, நீயாவது சொல்லேன்" என்று தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் கேட்பாள். வறீது காதில் அந்தப் பெயர் ஆயிரம் தடவையாவது விழுந்திருக்கும். விழுந்ததோடு சரி.

கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்தியபோது வாசகசாலைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை எல்லாக் கூட்டங்களும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜின்ஸி அனுப்பிய கைப்பேசியில் இணைப்புகள் குவிந்தன. ஒன்றைத் தொட்டால் தேனீ. இன்னொன்றைத் தொட்டால் கருந்துளை. ரோசிலிக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் சாயா போட வேண்டாம், கோப்பை கழுவ வேண்டாம், ஆனால் பேசுகிறவர் மட்டும் நம் அடுக்களைக்கே வந்து உட்கார்ந்துகொள்வார் என்றால் அதைவிட என்ன வேண்டும்? காலையில் மிளகின் வரலாறு, மத்தியானம் வௌவால், சாயங்காலம் நிலா. தேங்காய் துருவிக்கொண்டே ரோமாபுரியின் வீழ்ச்சியைக் கேட்டாள். விரலும் கொஞ்சம் துருவப்பட்டது. அப்பளம் கருகியது, பால் பொங்கி வழிந்தது. ஒருநாள் ஒரே நேரத்தில் இரண்டு நல்ல கூட்டம் வந்துவிட, பழைய கைப்பேசியையும் எடுத்து ஒரு காதில் யானையையும் மறு காதில் அணுவையும் வைத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து குழம்பி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் சுலைமானுக்குத்தான் பாடு.

"சுலைமானே, நீ பாக்குற நட்சத்திரம் இப்ப அங்க இல்லாமகூட இருக்கலாம். தெரியுமா?"

"மீன் இப்ப இங்க இருக்கு சேச்சி. வேணுமா வேணாமா?"

ஊர் வாசகசாலையின் கூட்டத்திலும் அவள் நுழைந்தாள். கைப்பேசி பெயர் கேட்டது. ரோசிலி என்று போட்டால் முன்னறையிலிருந்து வறீது, "நீ எதுக்கு இதுல? போய் சாயா கொண்டா" என்பார். அதனால் தோமா என்று போட்டாள். படம் கிடையாது, குரல் கிடையாது. கேள்வியிருந்தால் எழுதி அனுப்புவாள். செயலாளர் ஷிஜில் அதை வாசிப்பான்.

"தோமா சார் கேக்குறாரு: வௌவால் தலைகீழா தூங்கினா அதுக்குத் தலை சுத்தாதா?"

பேச வந்தவர்கள் அந்தக் கேள்விகளுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தார்கள். வறீதுக்குப் பெருமை தாங்கவில்லை. மடிக்கணினிக்கு முன்னால் மேலே வெள்ளைச் சட்டை, கீழே கைலியோடு உட்கார்ந்து, "தோமா சார் போன்ற கேட்பாளர்கள்தான் இந்த இயக்கத்தின் முதுகெலும்பு" என்பார். கூட்டம் முடிந்ததும் அடுக்களைக்கு வந்து அவளிடமே சொல்வார்.

"ரிட்டயர்டு புரொபசரா இருக்கணும்டி. என்ன கேள்வி கேக்குறான்! உனக்கெல்லாம் சொன்னா புரியாது."

"புரியாதுதான்" என்று ரோசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

மே மாதக் கடைசியில் அந்த அறிவிப்பு வந்தது. ‘நம் புழைகளின் மீன்கள்: சதானந்தன் மாஷ் பேசுகிறார்.' ரோசிலி அதை வாசித்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். "தோமாவே! வர்றாருடா! உன் ஜாதகம் வருது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் இனி இந்த ஜன்மத்தில் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். மாஷுக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது.

அன்று ஆறு மணிக்கே சோறு, குழம்பு எல்லாம் முடித்துவிட்டாள். பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். ஏழு மணிக்கு மாஷ் திரையில் வந்தார். தாடி பஞ்சாகியிருந்தது.

"முதல்லயே சொல்லிடறேன்" என்றார். "நான் இருக்கறது வயநாட்டு மலைமேல. இது என் மக போன். எட்டு மணிக்கு அவ ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கெளம்பிடுவா, போனும் போயிடும். அதுக்குள்ள முடிச்சுக்கலாமா?"

"பின்னே! தாராளமா!" என்றார்கள் எல்லாரும்.

வாசகசாலை எடுத்திருந்தது இலவசக் கணக்கு. ஒரு மணி நேரம் ஆனதும் அது தானாகவே எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும். இதுவும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? எங்கள் ஊரில் கூட்டத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஈஸ்வரப் பிரார்த்தனை, வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை. அதன்பின் வாழ்த்துரைகள். அறிவிப்பில் பெயர் போட்டவரைப் பேச அழைக்காவிட்டால் அவர் மகள் கல்யாணத்துக்கு நம்மை அழைக்க மாட்டார். பேச வந்தவர் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். கொரோனாவாலும் அந்த வரிசையை மாற்ற முடியவில்லை.

ஷிஜில் வரவேற்றான். வறீது தலைமை தாங்கினார். வாசகசாலைக் கட்டடத்துக்கு மண் சுமந்த கதையை அடித்தளத்திலிருந்து ஆரம்பித்தார். முன்னாள் பஞ்சாயத்து மெம்பர் தொடங்கிவைத்தார். வாழ்த்த வந்தவர்கள் ஒவ்வொருவரும், நேரம் குறைவு என்பதால் ஒரே ஒரு வார்த்தை என்று ஆரம்பித்து, அந்த ஒரு வார்த்தையை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போனார்கள். மணி ஏழரையைத் தாண்டியது. மாஷ் திரையின் மூலையில் கைகட்டி, பள்ளியில் வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

ரோசிலி கைப்பேசியை எடுத்தாள். எழுதி அனுப்பினாள்: ‘தயவுசெய்து மாஷைப் பேச விடவும். தோமா.'

ஷிஜில் அதைச் சத்தமாக வாசித்தான். வறீது தொண்டையைச் செருமினார்.

"பார்த்தீர்களா! தோமா சாரின் அறிவுத் தாகத்தைப் பார்த்தீர்களா! இந்தத் தாகத்தைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும்..."

சொன்னார். தாகத்திலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வாசகசாலைக்குக் கிணறு வெட்டிய வருஷம். ரோசிலி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவர் முடித்ததும் கவிஞர் புஷ்பாங்கதன் வந்தார். மீனை முன்னிட்டுத் தாமே எழுதிய கவிதை ஒன்று, சிறியதுதான், பன்னிரண்டு கண்ணிகள் என்றார். முதல் கண்ணியில் மீன் அழுதது. இரண்டாவதில் கடலும் சேர்ந்து அழுதது. மணி எட்டாகக் கொஞ்ச நேரமே இருந்தது.

ரோசிலியின் விரல் அதுவரை தொடாத மைக் பொத்தானைத் தொட்டது.

"இந்தா, நிறுத்துங்க எல்லாரும்! வாய மூடுங்க!"

குரல் அடுக்களையிலிருந்தும் வந்தது, மடிக்கணினியிலிருந்தும் வந்தது. நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்த கவிதை பாதிக் கண்ணியில் நின்றது. வறீது பதறிப்போய் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ரோசிலி, கூட்டம் நடக்குதுடி! சத்தம் எல்லாருக்கும் கேக்கும்! சாயா அப்புறம்!"

"சாயாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மனுஷா. நான் கூட்டத்துக்குள்ளதான் இருக்கேன். தோமா பேசுறேன்."

வறீது திரையைப் பார்த்தார். தோமா என்ற சதுரம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. தலைமை தாங்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வாய் திறந்து சத்தம் வராமல் இருந்தது அன்றுதான்.

"மாஷே" என்றாள் ரோசிலி. "நீங்க முன்ன ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்தீங்க. கிணத்துல விலாங்கைப் பாத்து, இவன் எங்க பொறந்தான் தெரியுமான்னு கேட்டீங்க. பதில் சொல்றதுக்குள்ள இந்த மனுஷன் கூட்டிட்டுப் போயிட்டாரு. அன்னிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எங்க பொறந்தான்?"

மாஷ் கண்ணாடியைக் கழற்றினார். "வட்டயப்பம்!" என்றார். "அந்த வட்டயப்பம் கொடுத்த சேச்சியா? அந்த விலாங்கு இன்னும் இருக்கா?"

"இருக்கான். ரெண்டு முழத்துக்கு மேல வளந்துட்டான்."

மாஷ் எழுதிவைத்திருந்த காகிதங்களைத் தள்ளிவிட்டார். நூறு பேரும் இருக்க, அவளிடம் மட்டும் பேசினார்.

"கடல்ல சேச்சி. அதுவும் இந்தக் கரைக் கடல் இல்ல. சுமத்ரா பக்கமா ஆழக்கடல்ல எங்கயோ இருக்கும்னு ஒரு ஊகம். அது முட்டையிட்டத இன்னிவரைக்கும் ஒரு மனுஷனும் கண்ணால பாத்ததில்ல. பொறக்கும்போது கண்ணாடில செஞ்ச எல மாதிரி இருக்கும். நீரோட்டத்துல மெதந்து மாசக்கணக்கா வரும். கரையத் தொடும்போது கண்ணாடி நூலு. அப்புறம் ஆறு, ஆத்துலேர்ந்து தோடு, தோட்டுலேர்ந்து வயல். நனஞ்ச புல்லு மேலகூட ஊர்ந்து போகும். அப்படித்தான் உங்க கிணத்துக்கு வந்திருக்கு."

"என் மாதாவே!" என்றாள் ரோசிலி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "கடல் தாண்டியா வந்தான் என் தோமா?"

"பேரு சரியாத்தான் வச்சிருக்கீங்க. புனித தோமாவும் கடல்வழியா வந்தவருதானே. ஆனா ரெண்டு முழம்னா அது பொண்ணு சேச்சி. ஆம்பள அவ்வளவு வளராது."

"ரெண்டு தோமாவும் பொம்பளயா!" என்று யாரோ கூவ, கூட்டம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கவிஞர்கூடச் சிரித்தார். முன்னறையில் வறீது மட்டும் சிரிக்கவில்லை. திரைக்கு மூக்கு படும்படி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷமானாலும் காத்திருக்கும்" என்றார் மாஷ். "ஒருநாள் திரும்பிப் போகணும்னு தோணும். அப்ப கண்ணு பெருசாயிடும், ஆழக்கடல் இருட்டுல பாக்கணுமே. வயிறு வெள்ளி மாதிரி ஆயிடும். சாப்பாட்ட நிறுத்திடும். பொறந்த எடத்துக்கே போயி முட்டையிட்டுட்டு அங்கயே..."

"மாஷே!" ரோசிலி எழுந்து நின்றுவிட்டாள். "கிணறு எறைக்கும்போது போன வருஷமே பாத்தேன். கண்ணு இவ்வளவு பெருசு! வயிறு வெள்ள வெளேர்னு. வயசாயிடுச்சோன்னு நெனச்சேன். எதப் போட்டாலும் இப்ப தின்றதில்ல."

மாஷ் நிமிர்ந்தார். "அப்படியா? அப்ப சேச்சி, நீங்க உடனே..."

திரை வெள்ளையாயிற்று. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது.

அடுக்களையில் ரோசிலி கைப்பேசியை உலுக்கினாள். முன்னறையில் நாற்காலி விழும் சத்தம். வெள்ளைச் சட்டையும் கைலியுமாக வறீது வாசலில் வந்து நின்றார், மூச்சிரைத்தபடி.

"உடனே என்னடி? உடனே என்ன செய்யணும்னு சொன்னான்?"

ரோசிலி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் முதல் தடவையாக மேற்கொண்டு கேட்டிருந்தார். ‘தோமா சார் நீதானா' என்று கேட்கவில்லை, ‘என் மானம் போச்சே' என்றும் சொல்லவில்லை. விலாங்குக்கு என்ன செய்வது என்றுதான் கேட்டார். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"அவ வீட்டுக்குப் போகணும் மனுஷா" என்றாள். "நாம கொண்டுபோய் விடணும்."

ஊரடங்கால் அந்த வருஷம் தள்ளிப்போயிருந்த கிணறு இறைப்பு அந்த வாரமே நடந்தது. பம்பு ஓடி, தண்ணீர் வற்றி, சேற்றிலிருந்து கூடையில் வந்தாள் தோமா. பொத்தான் போலப் பெரிய கண். நெல் அவிக்கும் பெரிய செம்புப் பாத்திரத்தில் ஈரத்துணி மூடி வைத்தார்கள். இரண்டு நாளில் மழை ஆரம்பித்தது. தோடு நிரம்பிப் புழையை நோக்கி ஓடத் தொடங்கிய சாயங்காலம், பாத்திரத்தின் ஒரு காதை வறீதும் மறு காதை ரோசிலியும் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்தார்கள். குடை பிடிக்கக் கை இல்லை. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். எதிரே வந்த சுலைமான் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"சேச்சி, நான் மீன வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன். நீங்க தண்ணிக்குக் கொண்டுபோறீங்களா?"

"இது சுமத்ரா போற ஆளுடா. வழிய விடு" என்றார் வறீது.

தோட்டின் கரையில் பாத்திரத்தை இறக்கினார்கள். பழக்க தோஷம், வறீது நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்து ரோசிலியின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"போயிட்டு வா, மோளே" என்றார். அவ்வளவுதான்.

ரோசிலி பாத்திரத்தைச் சாய்த்தாள். விலாங்கு கலங்கல் தண்ணீரில் ஒருமுறை வளைந்தது, நீரோட்டத்தைக் கண்டுகொண்டது, போயே விட்டது. கிணற்றில் சுற்றியது போலச் சுற்றவில்லை, நேர்கோடாகப் போனது. ரோசிலி மழையில் நின்று அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு வெற்றுப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"சீக்கிரம் வாங்க மனுஷா. ஏழு மணிக்கு எரிமலை. பாலக்காட்டுக்காரங்க கூட்டம்."

"யாரு தலைமை?"

"ஒருத்தரும் இல்ல. நேரா பேச்சுதான்."

வறீது வரப்பில் வழுக்கி, சமாளித்து, அவள் பின்னாலேயே வேகமாக நடந்தார். "எரிமலைக்குள்ள நெருப்பு எங்கிருந்துடி வருது?" என்று கேட்டார்.